அத்தியாயம் 7: டர்போ காருக்கு மாற்றுப் புகைக்குழாய் தேர்வு செய்தல்

டர்போ காரில் என்ஜினை விட்டு வெளியேறும் புகை முதலில் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் பிறகே குழாய்க்குள் நுழைகிறது. டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடுதான் அந்தச் சக்கரத்தை ஓட்டுகிறது. பின்னால் உள்ள குழாய் அடைத்துக்கொண்டாலோ தேவைக்கு மேல் குறுகினாலோ டர்போ வேகமெடுக்கத் தாமதமாகும், என்ஜின் சூடு கூடும், எரிபொருள் வீணாகும். கசிவு இருந்தால் சென்சார்கள் தவறான கணக்கைச் சொல்லும். புகை கேபினுக்குள்ளும் வரலாம்.

டர்போ இல்லாத என்ஜினுக்குச் சொல்லப்படும் “கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்” என்ற யோசனை டர்பைனுக்குப் பின்னால் வரும் குழாய்க்குப் பொருந்தாது. அங்கே தடை குறைவாக இருப்பதே நல்லது. ஆனால் தடையைக் குறைக்கிறோம் என்று கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் கழற்றி எறிவது வேறு வேலை. அது சட்டத்துக்கும் காருக்கும் ஒத்துவராது. காருக்கு அளவாகப் பொருந்துவது, கசியாதது, சென்சார்களையும் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் குலைக்காதது, இவற்றுக்குப் பிறகே அகலம், சத்தம், தோற்றம் என்ற வரிசையில் குழாயைத் தேர்வு செய்ய வேண்டும். இந்த அத்தியாயமும் அதே வரிசையில் செல்கிறது.

குழாயின் பகுதிகள்

என்ஜினிலிருந்து வால்முனை வரை, வரிசையாக:

1. மேனிஃபோல்டு: சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுசெல்வது. புதிய சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் இது சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும்.
2. டவுன்பைப்: டர்பைனின் வாயிலிருந்து கீழிறங்கும் குழாய். மிக அதிகச் சூட்டைத் தாங்குவது இதுதான். பெரும்பாலான கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இதோடு சேர்ந்தே வரும். டீசல் காரில் ஆக்சிடேஷன் கன்வெர்ட்டரும் டி.பி.எஃப். வடிகட்டியும் இப்பகுதியில் இருக்கும்.
3. ஃப்ளெக்ஸ் பைப்: பின்னிய கம்பி உறை போர்த்திய நெளியும் துண்டு. என்ஜின் ஆடும் ஆட்டத்தை மற்றக் குழாய்க்குக் கடத்தாமல் தடுக்கிறது.
4. நடுக்குழாய்: பல கார்களில் ரெசொனேட்டர் என்னும் சிறிய ஒலியடக்கியும் இதில் இருக்கும்.
5. சைலன்சர்: பின்னால் உள்ள பெரிய பெட்டி.
6. வால்முனை: பம்பருக்கு அடியில் வெளியே தெரியும் நுனி.

பட்டறைகளில் இந்த முழு அமைப்பையுமே சைலன்சர் என்று சொல்வது வழக்கம். விலை கேட்கும்போதும் ஆர்டர் கொடுக்கும்போதும் எந்த இணைப்பிலிருந்து எந்த இணைப்பு வரை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் குழப்பம் வராது.

பழைய குழாய் ஏன் கெட்டது?

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் குழாயை மட்டும் மாற்றினால், புதிய குழாயும் அதே வழியில் கெடும். வாங்குவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

• இணைப்புகளில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது. கேஸ்கெட் மாற்றினால் போதுமா, ஃபிளேஞ்சே வளைந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.
• ஃப்ளெக்ஸ் பைப் அடிக்கடி கிழிந்தால் என்ஜின் மவுண்ட் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மவுண்டை மாற்றிய பிறகே ஃப்ளெக்ஸை மாற்ற வேண்டும்.
• சைலன்சர் அடியில் துரு ஓட்டை விழுந்திருந்தால், கார் பெரும்பாலும் குறுகிய தூரமே ஓடுகிறது எனலாம். குழாய் முழுவதும் சூடாகும் முன்பே என்ஜின் நின்றுவிட, உள்ளே நீர் தேங்கி அரிக்கிறது. கடலோர ஊர்களின் உப்புக்காற்று வெளிப்புறத்தை அரிக்கும்.
• கன்வெர்ட்டரின் உள்கூடு உருகியிருந்தால் மிஸ்ஃபயர் காரணமாக இருக்கலாம். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும்.
• டவுன்பைப்புக்குள் ஈர எண்ணெய் படிந்திருந்தால், அல்லது நீலப்புகை வந்தால், டர்போவின் சீல் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். எண்ணெய் கசியும் டர்போவுக்குப் பின்னால் புதிய கன்வெர்ட்டரையோ டி.பி.எஃப்.பையோ மாட்டுவது பணத்தை வீணாக்குவது.
• இழுவை குறைந்து, வேகம் ஏற மறுத்தால் அடைப்பு இருக்கலாம். டர்பைனுக்குப் பின்னும் கன்வெர்ட்டருக்கு முன்னும் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கலாம். ஐடிலில் 10 கிலோபாஸ்கலுக்குள்ளும், 2,500 சுற்றில் 20 கிலோபாஸ்கலுக்குள்ளும் இருப்பது பொதுவான அளவுகோல். அதைத் தாண்டினால் பின்னால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

எவ்வளவு தூரம் மாற்றுவது?

சந்தையில் மாற்றுக் குழாய்கள் மூன்று விதமாக விற்கப்படுகின்றன.

ஆக்சில்-பேக்: பின் அச்சுக்குப் பின்னால் உள்ள சைலன்சரும் வால்முனையும் மட்டும். சைலன்சர் துருப்பிடித்த காருக்கு இது போதும். சத்தத்தின் தன்மை மாறும். திறனில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இருக்காது.

கேட்-பேக்: கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள அனைத்தும். நடுக்குழாயும் சேர்ந்து கெட்டிருந்தால் இது ஏற்றது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தொடாமல் தடையைக் குறைக்க இடம் உண்டு.

டர்போ-பேக்: டவுன்பைப் முதல் வால்முனை வரை. டர்போ காரில் பெரிய தடை பொதுவாக டவுன்பைப்பிலும் கன்வெர்ட்டரிலும்தான் இருக்கிறது. ஆதலால் பெரிய மாற்றம் தருவதும் இதுவே, பெரிய சிக்கல் தருவதும் இதுவே. தடை திடீரெனக் குறையும்போது சில கார்களில், டர்பைனைச் சுற்றிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டால் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கட்டுப்படுத்த முடியாமல் போகும். அப்போது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ., பூஸ்ட் மிகுந்துவிட்டது என்ற பிழையைப் பதிவு செய்து, என்ஜினின் திறனைத் தானே குறைத்துவிடும்.

குறிப்பு: கன்வெர்ட்டர் டர்போவோடு நேரடியாகப் பொருத்தப்பட்ட என்ஜின்களில் தனி டவுன்பைப் என்று ஒன்று கிடைக்காது, கன்வெர்ட்டரோடு சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். பழுது பின்பகுதியில் என்றால் முன்பகுதியைத் தொடாமல் விடுவதே நல்லது.

விட்டம் எவ்வளவு வேண்டும்?

குழாயின் விட்டம் சிறிதளவு கூடினாலும் புகை செல்லும் பரப்பு நன்றாகவே கூடும். 2 அங்குலக் குழாயோடு ஒப்பிட்டால் 2.5 அங்குலக் குழாயின் பரப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு அதிகம். ஒரே ஒரு படி ஏறினாலே போதும் என்பது இதிலிருந்தே தெரியும்.

பட்டறைகளில் நெடுநாளாகப் பயன்படும் தோராயக் கணக்கு இது. ஒற்றைக் குழாய், வழவழப்பான வளைவுகள் என்று வைத்துக்கொண்டால்:

• 2 அங்குலம் (51 மி.மீ.): ஏறத்தாழ 140 குதிரைத்திறன் வரை
• 2.25 அங்குலம் (57 மி.மீ.): ஏறத்தாழ 185 வரை
• 2.5 அங்குலம் (63.5 மி.மீ.): ஏறத்தாழ 230 வரை
• 3 அங்குலம் (76 மி.மீ.): ஏறத்தாழ 335 வரை

120 குதிரைத்திறன் தரும் ஹூண்டாய் ஐ20 என்-லைன் போன்ற 1 லிட்டர் மூன்று சிலிண்டர் கார்களுக்கு 2 அங்குலமே போதும், 2.25 தாராளம். 150 குதிரைத்திறன் தரும் ஃபோக்ஸ்வாகன் 1.5 டி.எஸ்.ஐ. என்ஜினுக்கு 2.25 அங்குலம் சரியாக இருக்கும்; பிறகு ரீமேப் (இ.சி.யூ. மென்பொருளைத் திருத்தித் திறனைக் கூட்டுவது) செய்யும் எண்ணம் இருந்தால் 2.5 எடுக்கலாம். 245 குதிரைத்திறன் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245-க்கு டவுன்பைப் 3 அங்குலமும், அதற்குப் பின்னால் 2.5 முதல் 3 அங்குலமும் பொருத்தம்.

டவுன்பைப் ஒரு படி அகலமாகவும், சூடு தணிந்து புகை சுருங்கும் பின்பகுதி அதைவிட ஒரு படி குறைவாகவும் இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, அகலமான சைலன்சரை வாங்கிக் குறுகிய நடுக்குழாயில் மாட்டுவது பயனற்றது. முழு வழியிலும் எந்த இடம் மிகக் குறுகலோ அதுவே ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது.

தேவைக்கு மேல் அகலமான குழாய் திறனைக் கூட்டாது. எடை கூடும், அடிப்பக்க இடைவெளி குறையும், இரைச்சல் ஏறும். வேகத்தடைகள் நிறைந்த சாலையில் 3 அங்குலக் குழாயின் அடிப்பாகம் தரையில் உரசுவது அன்றாடத் தொல்லையாகிவிடும்.

எந்த உலோகம்?

சாதாரண இரும்பு: விலை குறைவு, வெல்டிங் எளிது, துரு விரைவு. தற்காலிகத் தீர்வுக்கு மட்டுமே ஏற்றது.

அலுமினியப் பூச்சு இரும்பு: வெளிப்பூச்சு இருக்கும் வரை நன்றாக உழைக்கும். வெல்டிங் செய்த இடங்களில் பூச்சு எரிந்துவிடுவதால், அங்கே வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

எஸ்.எஸ். 409: கார் நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் எவர்சில்வர் வகை. ஏறத்தாழ 11 விழுக்காடு குரோமியம் கொண்டது, காந்தம் ஒட்டும். மேலே பழுப்பு நிறத்தில் லேசான துரு படர்ந்தாலும் எளிதில் ஓட்டை விழாது. வெப்பத்தில் குறைவாகவே விரியும்.

எஸ்.எஸ். 304: 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்டது. துருவைத் தாங்குவதில் சிறந்தது. கடலோர ஊர்களுக்கு ஏற்றது. ஆனால் வெப்பத்தில் அதிகம் விரியும்: 1 மீட்டர் குழாய் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 9 மி.மீ. நீளும். ஃப்ளெக்ஸ் பைப்பும் நெகிழும் தாங்கிகளும் இல்லாமல் இதை இறுக்கிக் கட்டினால் வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விழும்.

எஸ்.எஸ். 321: டைட்டானியம் கலந்து, உயர்வெப்பத்தில் உறுதி குலையாதபடி செய்தது. கடுமையாக ஓட்டப்படும் காரின் டவுன்பைப்புக்கு ஏற்றது. மற்ற இடங்களில் அந்தச் செலவு தேவையில்லை.

எச்சரிக்கை: மேங்கனீஸ் மிகுந்த, விலை குறைந்த 202 ரகத்தை 304 என்று சொல்லி விற்பது உண்டு. இரண்டிலும் காந்தம் ஒட்டாது. எனவே காந்தத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஆலையின் தரச் சான்றைக் கேட்க வேண்டும். அல்லது மேங்கனீஸைக் காட்டிக்கொடுக்கும் சொட்டு மருந்துச் சோதனையைக் குழாய் வியாபாரியிடமே செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை: தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் ஜி.ஐ. பைப்பைப் புகைக்குழாயாக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சு, வெல்டிங் செய்யும்போதும் பிறகு சூடேறும்போதும் நச்சுப்புகையை வெளியிடும்.

வளைவும் இணைப்பும்

குழாயை வளைக்கும் முறையில்தான் நல்ல வேலையும் மலிவான வேலையும் பிரிகின்றன. உள்ளே தாங்கி கொடுத்து வளைக்கும் மாண்ட்ரல் முறையில் வளைவிலும் குழாய் வட்டமாகவே இருக்கும். வெறும் அழுத்தத்தால் வளைத்தால் உட்புறம் சுருங்கி மடிப்பு விழும்; 2.5 அங்குலத்துக்குப் பணம் கொடுத்து, வளைவில் அதைவிடக் குறுகிய குழாயை வாங்கியதாகிவிடும். வளைவின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தாலே மடிப்பு தெரியும்.

வெல்டிங்கில் பார்க்க வேண்டியவை:

• 304 குழாய்களை ஒன்றோடொன்று இணைக்க 308எல் கம்பி; 304-ஐச் சாதாரண இரும்போடு இணைக்க 309எல் கம்பி.
• டிக் வெல்டிங் செய்யும்போது குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கான் வாயு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உள்ளே பொருக்குப் பொருக்காக உலோகம் கருகி நிற்கும். அது பின்னால் உதிர்ந்து, வெடிப்புக்கும் வழிவகுக்கும். குழாயின் வாய் வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.
• ஃபிளேஞ்ச் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் வைத்தால் ஆடக் கூடாது.

அடிக்கடி பிரிக்க வேண்டிய இடத்துக்கு வி-பேண்டு கிளாம்ப் வசதியானது. டர்பைன் வாயில் அந்தக் காருக்குரிய ஃபிளேஞ்சும் பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டும் மட்டுமே பொருந்தும். கேஸ்கெட்டுக்குப் பதில் பசை பூசுவது அங்கே நிலைக்காது. ஃப்ளெக்ஸ் பைப்பில் உட்புறமும் உலோக உறை பின்னியதைக் கேட்டு வாங்க வேண்டும். பூஸ்ட்டில் வரும் சூடான ஓட்டம், உறை இல்லாத ஃப்ளெக்ஸின் மெல்லிய நெளிவுகளைச் சீக்கிரம் கிழித்துவிடும்.

கன்வெர்ட்டர், டி.பி.எஃப்., சென்சார்

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறையில் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் அதன் இரண்டாம் கட்டம். இந்தக் கார்களில் கன்வெர்ட்டரும் டி.பி.எஃப்.பும் வேலை செய்கின்றனவா என்பதை இ.சி.யூ. தொடர்ந்து கவனிக்கிறது. கன்வெர்ட்டரை நீக்கினாலோ, திறன் குறைந்ததை மாட்டினாலோ என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0420 என்ற குறியீடு வரும். சென்சாருக்கு அடியில் நீட்டிப்புத் துண்டு வைத்து அந்த விளக்கை அணைப்பது பழுதை மறைப்பதே தவிர, வெளியேறும் நச்சைக் குறைப்பதில்லை.

டீசல் காரில் டி.பி.எஃப். தன்னிடம் சேர்ந்த கரியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸில் எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறது. அந்தச் சூட்டைப் பின்னால் வரும் குழாயும் தாங்க வேண்டும். அதன் இரு பக்க அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழல்களுக்கும் வெப்ப சென்சார்களுக்கும் மாற்றுக் குழாயில் அதே இடத்தில் துளைகள் இருக்க வேண்டும்.

ஆக்சிஜன் சென்சார் துளைகளைப் பற்றி:

1. மரை அளவு பெரும்பாலும் எம்18 × 1.5. வாங்கும் முன் பழைய சென்சாரைத் திருகிப் பார்க்க வேண்டும்.
2. டர்போவிலிருந்தும் கன்வெர்ட்டரிலிருந்தும் பழைய குழாயில் இருந்த அதே தூரத்தில் துளை இருக்க வேண்டும். இடம் தள்ளினால் ஒயரும் எட்டாது, அளவீடும் மாறும்.
3. சென்சார் படுக்கைவாட்டத்துக்குக் கீழே சாயக் கூடாது. குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். கீழே சாய்ந்தால் தேங்கும் நீர் அதன் சூடான பீங்கானை உடைத்துவிடும்.

சைலன்சரும் சத்தமும்

சைலன்சர் இரு வகை. தடுப்பறைகள் கொண்டது சத்தத்தை எதிரொலித்து அடக்கும். அமைதியானது, தடை கூடுதல். துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் திணித்தது சத்தத்தை உறிஞ்சும். தடை குறைவு என்பதால் டர்போ காருக்கு ஏற்றது. நார் காலப்போக்கில் உதிர்வதால், பிரித்து நாரை மாற்றக்கூடிய வகையைத் தேடலாம்.

டர்பைன் சக்கரமே சத்தத்தை ஓரளவு அடக்கிவிடும். மீதி இருப்பது கேபினுக்குள் ஒரே சுருதியில் அதிரும் முனகல். நான்கு சிலிண்டர் என்ஜின் 3,000 சுற்றில் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் 75 முறை. நெடுஞ்சாலையில் கார் ஓடும் சுற்றுவேகத்தில் இந்த அதிர்வு கேபினோடு ஒத்துப்போனால், ஒரு மணி நேரப் பயணத்திலேயே தலை வலிக்கும். எனவே ரெசொனேட்டரை நீக்காத அமைப்பைத் தேர்வு செய்ய வேண்டும். கடையில் நின்ற காரை உறுமவிட்டுக் கேட்பது போதாது. அதே மாடல் காரில் 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் அமர்ந்து கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 190(2) பிரிவின்படி சத்தம், காற்று மாசு அளவுகளை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் 3 மாதம் தடை உண்டு. 182ஏ(4) பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது.

எனவே சாலையில் ஓடும் காருக்குப் பாதுகாப்பான தேர்வு, நிறுவனத்தின் அசல் குழாய் அல்லது அதே அளவில், அதே கன்வெர்ட்டர், சைலன்சர் அமைப்போடு வரும் மாற்று. வாரன்டி காலத்தில் உள்ள கார் என்றால் சர்வீஸ் மையத்திடமும், காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

அளவெடுக்கும் படிகள்

1. பதிவுச் சான்றிதழிலிருந்து சேசிஸ் எண், தயாரிப்பு மாதம், எரிபொருள், மாசு விதிக் கட்டம் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே பெயருள்ள காரின் பாரத் ஸ்டேஜ் 4 குழாயும் 6 குழாயும் வேறு வேறு. கியர் வகையையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.
2. பழைய குழாயில் பொறித்துள்ள பாக எண்ணைக் கம்பி பிரஷால் தேய்த்துப் படிக்க வேண்டும்.
3. வெர்னியர் காலிபரால் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். காலிபர் இல்லாவிட்டால் நூலைச் சுற்றி அளக்கலாம்: சுற்றளவு 160 மி.மீ. என்றால் 2 அங்குலம், 180 என்றால் 2.25, 200 என்றால் 2.5, 240 என்றால் 3 அங்குலம்.
4. ஃபிளேஞ்சின் துளைகள் எத்தனை, துளைக்குத் துளை மையத் தூரம், போல்ட் அளவு, கேஸ்கெட்டின் வடிவம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.
5. ரப்பர் தாங்கிகள் இருக்கும் இடங்களை முன் இணைப்பிலிருந்து அளந்து வரைய வேண்டும்.
6. பின் அச்சு மேலே ஏறும்போது குழாய்க்கும் அதற்கும் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று, சக்கரங்கள் தரையில் ஊன்றி எடை தாங்கிய நிலையில் பார்க்க வேண்டும்.
7. தரைக்கும் குழாயின் தாழ்ந்த புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். மாற்றுக் குழாய் அதைவிடத் தாழக் கூடாது.
8. ஒவ்வொரு இணைப்பையும் இரு கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருத்துவதற்கு முன் பாதுகாப்பு

• கார் குறைந்தது சில மணி நேரம் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜினில் டர்பைனுக்குள் நுழையும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. மேலே தொட்டால் ஆறியது போல் இருக்கும் குழாய் உள்ளே சுட்டுக்கொண்டிருக்கும்.
• ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் காரை இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும்.
• கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். துருத்துகள் நேரே கண்ணில்தான் விழும்.
• காரிலேயே வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே போட வேண்டும். எரிபொருள் குழாய்க்கோ டேங்குக்கோ அருகில் இருந்தால் குழாயைக் கழற்றி வெளியே வைத்தே வெல்டிங் செய்ய வேண்டும்.
• மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பொருத்தும் படிகள்

1. முந்தைய நாளே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும்.
2. சென்சார் ஒயர்களைப் பிரித்து, சென்சார்களைப் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட்டால் கழற்ற வேண்டும். கீழே விழுந்த சென்சாரை மறுபடி நம்ப வேண்டாம்.
3. பின்னால் இருந்து முன்னால் என்ற வரிசையில் கழற்ற வேண்டும். கனமான பகுதிகளைத் தாங்க ஒரு ஸ்டாண்டு அல்லது இன்னொருவர் வேண்டும். ஃப்ளெக்ஸ் பைப்பில் எடை தொங்கக் கூடாது.
4. டர்பைன் வாயின் ஸ்டட்டுகளை அவசரமாகத் திருகக் கூடாது. சூட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்தவை எளிதில் முறியும். சிறிது தளர்த்தி, மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு, திரும்பத் தளர்த்திக் கழற்ற வேண்டும்.
5. ஃபிளேஞ்சுகளைத் துடைத்து, புதிய கேஸ்கெட்டும் புதிய நட்டுகளும் போட வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் பயன்படுத்துவதே கசிவுக்குப் பெரிய காரணம்.
6. முன்னால் இருந்து பின்னால் என்ற வரிசையில் எல்லா இணைப்புகளையும் கைமுறுக்காக மட்டும் மாட்ட வேண்டும்.
7. ரப்பர் தாங்கிகள் இயல்பாகத் தொங்கும்படி குழாயைச் சீராக்க வேண்டும். உடலிலிருந்து குறைந்தது 25 மி.மீ., பிரேக் குழல், எரிபொருள் குழாய், பிளாஸ்டிக் பம்பர் ஆகியவற்றிலிருந்து அதைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும்.
8. இப்போது முன்னிலிருந்து தொடங்கி டார்க் ரெஞ்சால் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும்.
9. சென்சாரின் மரையில் மட்டும் வெப்பம் தாங்கும் ஆன்ட்டி-சீஸ் தடவ வேண்டும். நுனியில் படக் கூடாது. பூசியே வரும் புதிய சென்சாருக்கு மறுபடி தடவத் தேவையில்லை.
10. கழற்றிய வெப்பத் தடுப்புத் தகடுகள் அனைத்தையும் திரும்ப மாட்ட வேண்டும். டர்போவுக்கு அருகில் உள்ள ஒயர்களையும் எண்ணெய்க் குழல்களையும் காப்பவை அவை.

பொருத்திய பின் சோதனை

1. திறந்த வெளியில் குளிர்ந்த என்ஜினை இயக்கி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தெளித்துப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. குழாய் சூடேறும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.
2. ஐடிலில் ஓடவிட்டு, தகட்டு அதிர்வும் உரசலும் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும்.
3. ஸ்கேனர் மாட்டி 15 நிமிடம் ஓட்ட வேண்டும். பூஸ்ட் அளவு, இ.சி.யூ. கேட்கும் அளவை ஒட்டியே இருக்க வேண்டும். மேலே போய்க்கொண்டே இருந்தால் உடனே வேகத்தைக் குறைத்து, காரணம் தெரியும் வரை முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கூடாது.
4. நான்கு பேரும் சுமையும் ஏற்றி ஒரு வேகத்தடையை மெதுவாகக் கடந்து, எங்கும் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
5. ஏறத்தாழ 100 கி.மீ. ஓடியதும், ஆறிய நிலையில் எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். சூட்டில் விரிந்து சுருங்கும்போது புதிய கேஸ்கெட் அமர்ந்து, இறுக்கம் சிறிது தளர்வது இயல்பு.
6. புகைச் சான்றிதழ் காலாவதியாகக் காத்திராமல் உடனே ஒரு சோதனை எடுத்துவிட வேண்டும்.

பொதுவான தவறுகள்

• சத்தம் கூடியதைத் திறன் கூடியதாக எண்ணுவது.
• ரீமேப் செய்யாத சிறிய என்ஜின் காருக்கு 3 அங்குலக் குழாய் வாங்குவது.
• எல்லாக் காருக்கும் பொருந்தும் என்ற பெட்டியை நம்பி, ஃபிளேஞ்சும் தாங்கிகளும் பொருந்தாமல் பட்டறையில் வெட்டி ஒட்டுவது.
• டர்போவுக்கு முன்னால் உள்ள கசிவை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள குழாயை மாற்றுவது. அந்தக் கசிவில் டர்பைனைச் சுழற்ற வேண்டிய அழுத்தமே வீணாகிறது.
• டவுன்பைப்பில் வெப்பத்துணியை இறுகச் சுற்றி, ஈரம் தேங்கும்படி விடுவது. சாதாரண இரும்பும் 409 வகையும் அதற்குள் வேகமாக அரிபடும்.
• கழற்றிய அசல் குழாயையும் கன்வெர்ட்டரையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவது. காரை விற்கும்போதும், தகுதிச் சோதனையின்போதும், வாரன்டி கோரும்போதும் அவை தேவைப்படும். துடைத்து, எண்ணெய் தடவி, உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.